சூப்புக்குக் கட்டம் இல்லை

ஏகாம்பரம் வேண்டாமென்று சொன்னது ஒரு கோப்பை சூப்பை மட்டும்தான். இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. ஏனென்றால் ஜீவகாருண்ய ஆஸ்பத்திரியில் அவர் பேரில் திறந்த கோப்பு, தலைக்கு வைத்துப் படுக்கலாம் என்கிற அளவுக்குத் தடித்த பிறகும், அதில் சூப் என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது.

மெர்டேக்கா என்கிற சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மலாக்காவில் காஜா பெராங் செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பில் ஏகாம்பரத்தைத் தெரியாதவர் இல்லை. ஐம்பத்திரண்டு வயது, பெச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷா மிதிக்கிறவர். தெங்கேராவிலிருந்து உஜோங் பாசிர் வரைக்கும் இரண்டு குண்டுப் பெண்மணிகளையும் ஒரு மூட்டை அரிசியையும் வைத்து மூச்சு வாங்காமல் மிதிப்பார். நாடு சுதந்திரம் அடைந்த சந்தோஷத்தில் பெச்சாவுக்குக் கொடி கட்டினார், காகிதப் பூ ஒட்டினார், தலைக்கு மேலே பலகையில் ஒரு வளைவும் அடித்தார். அந்த வளைவிலிருந்து கழன்று விழுந்த துருப்பிடித்த ஆணியை வலது கால் பெருவிரலால் மிதித்தார். உடம்பில் இனிப்பு நீர் வியாதி வேறு. இரண்டு வாரத்தில் விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் மருமகன் தேவதாஸ். பஸ் கண்டக்டர். ரப்பர் தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பையன், ஏகாம்பரத்தின் மகள் மீனாச்சியைக் கட்டிக்கொண்டு செட்டிக் கம்பத்துக்கே வந்துவிட்டவன். பல தலைமுறைக்கு முன்னே இங்கே குடியேறிய இந்தச் செட்டிமாருக்குப் பேர் தமிழ்ப் பேர், சாமி தமிழ்ச் சாமி, பொங்கல் உண்டு, போகி உண்டு. வாயைத் திறந்தால் மட்டும் மலாய். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான். அதனால் இதுவரைக்கும் யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்ததில்லை.

டாக்டர் கருணாகரன் விரலைப் பார்த்தார். அவர்தான் ஆஸ்பத்திரிக்குத் தலைவர், வெட்டுகிற டாக்டரும் அவர்தான். "நாளைக்குக் காலையில பெருவிரல எடுத்துடுறேன். கால் தப்பிச்சிடும். அவர் பெச்சா மிதிக்கலாம்" என்றார். சிகிச்சைத் தாளில் மூன்று வரி எழுதினார். ஒன்று, மாட்டு சூப், காலை மாலை. இரண்டு, பெனிசிலின் ஊசி. மூன்று, விரலை எடுப்பது. சூப்புக்கு முதலிடம் ஏன் என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரியைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை சூப்பில் ரொம்ப நம்பிக்கை வைத்திருந்தாராம். துரை போய்விட்டார், சூப் போகவில்லை.

நர்ஸ் பொன்னம்மா மிஸி கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினாள். ஏகாம்பரம் மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பந்தாங்" என்றார்.

பந்தாங் என்றால் ஆகாது, விலக்கு. சந்தைக் கீரைக்காரியிலிருந்து போலீஸ்காரர் வரைக்கும் மலாக்காவில் அது எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை. மிஸிக்கும் தெரியும். "சரி, கஞ்சி கொண்டாறேன்" என்று அவள் கோப்பையைத் திருப்பி எடுத்தாள். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா தியாகு அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கமாக வந்தார்.

தியாகு பாவம், இரண்டு வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தார். சுதந்திர நாட்டில் மதம் அவரவர் உரிமை என்று சட்டம் வந்ததுமே, ஜீவகாருண்ய ஆஸ்பத்திரி முந்திக்கொண்டு 'மதக் காரணத்தால் சிகிச்சையை மறுப்போர் பாரம்' என்று ஐந்நூறு படிவம் அச்சடித்து வைத்திருந்தது. ஒருத்தர்கூட மறுத்தபாடில்லை. வருகிறவன் எல்லாம் வைத்தியம் பார்த்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தான்.

"பந்தாங்கா சொன்னாரு? மதக் காரணமா?" தியாகுவின் முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பு வேணாங்கிறாருங்க ஐயா. மாட்டு சூப்பு. அவங்க வீட்டுல ஆகாது" என்றான் தேவதாஸ்.

தியாகு பாரத்தை எடுத்து விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். "பேரு. வயசு. மதம். மறுப்பது, சிகிச்சை. அதுவே அச்சாயிருக்கு. சூப்புக்குக் கட்டம் இல்லையே தம்பி."

"கட்டம் இல்லேன்னா எழுதாதீங்க."

"அதெப்படி? மதம்னு ஒரு நோயாளி வாயத் திறந்துட்டா எழுதியே தீரணும். சூப்பு சிகிச்சைத் தாள்ல முதல் வரி. முதல் வரிய மறுத்தா தாளையே மறுத்த மாதிரி. நாடு இப்ப நம்ம நாடு. யாரோட நம்பிக்கையையும் நாங்க மிதிக்க மாட்டோம்."

தேவதாஸ் வாயைத் திறப்பதற்குள் தியாகு மைப்பெட்டியை நீட்டிவிட்டார். சூப்பை நிறுத்துவதற்கு என்று நினைத்து ஏகாம்பரம் சந்தோஷமாகக் கைநாட்டு வைத்தார். சூப் நின்றது. ஊசியும் நின்றது. மறுநாள் காலை அறுவையும் நின்றது. கட்டிலின் தலைமாட்டில் 'இவரது நம்பிக்கையை மதிக்கிறோம்' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சீனத்திலும் ஒரு பலகை தொங்கியது. மலாய்ப் பலகை இன்னும் அச்சில் இருந்து வரவில்லை. தன் பேரைத்தான் இவ்வளவு அழகாக எழுதி மாட்டியிருக்கிறார்கள் என்று ஏகாம்பரம் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

தேவதாஸ் கிராணி அறைக்கு நடையாய் நடந்தான்.

"ஐயா, அவரு எதையும் மறுக்கல. வெட்டுங்க வெட்டுங்கன்னுதான் கத்துறாரு."

"மறுப்ப வாபஸ் வாங்கணும்னா குழு கூடணும். குழு வியாழக்கிழமைதான் கூடும்."

"அப்ப வேற ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க, நான் தூக்கிட்டுப் போறேன்."

தியாகுவுக்கு மனசு வலித்துவிட்டது. "என்ன தம்பி இப்படிப் பேசுறீங்க? சிகிச்ச வேணாம்னு சொன்ன ஒரு மனுசன சிகிச்சைக்கு அனுப்புறதா? அது அவரோட உரிமையில கை வைக்கிறதாச்சே!"

சூப்பைக் குடித்துவிட்டால் விடுவீர்களா என்றும் கேட்டுப் பார்த்தான். நோயாளியின் நம்பிக்கையை ஆஸ்பத்திரி வற்புறுத்தி மாற்றியதாக ஆகிவிடும், அதற்கும் குழுதான் கூடவேண்டும் என்றார் தியாகு. இதை ஏகாம்பரத்திடம் சொன்னபோது அவர் கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "விரல் போனா போகுது தேவா. அது இல்லாமலும் நான் மிதிப்பேன். அந்தச் சூப்ப மட்டும் நான் வாயில வைக்கமாட்டேன். எங்க வீட்டுல யாரும் வச்சதில்ல" என்றார் மலாயில்.

பொன்னம்மா மிஸி ஒருத்திதான் அந்த இடத்தில் புத்தியோடு இருந்தாள். காலுக்குக் கட்டு மாற்றுவதும் சிகிச்சைதான், கூடாது என்று உத்தரவு. அவள் கட்டை மாற்றிவிட்டு, நோட்டில் 'படுக்கைத் துணி மாற்றப்பட்டது' என்று எழுதிவைத்தாள். "துணிதானே அண்ணே, பொய்யா எழுதுனேன்?" என்றாள். ஆனால் துணி கறுப்பை நிறுத்துமா? செவ்வாய்க்கிழமை அது பக்கத்து விரலுக்கும் வந்துவிட்டது.

அன்றைக்கு தேவதாஸ் டாக்டரின் அறைக்குள்ளேயே போய்விட்டான். கருணாகரன் கோபப்படவில்லை. நாற்காலி காட்டினார். ஜன்னலுக்கு வெளியே பறக்கிற புதுக்கொடியைக் காட்டினார்.

"மூணு வாரத்துக்கு முன்னால உங்க மாமனார் வந்திருந்தா, ஒரு வார்த்த கேக்காம அந்த விரல வெட்டி வீசியிருப்பேன். இந்நேரம் பெச்சா மிதிச்சிக்கிட்டு இருப்பாரு. ஏன்னா அப்ப நாம அடிமைங்க. இப்ப அப்படிச் செய்ய முடியுமா? நான் டாக்டர். எனக்கு அந்தக் காலப் பார்த்தா கை துடிக்குது. ஆனா குழுவுக்குத் தலைவரும் நான்தான். தலைவர்ங்கிற முறையில டாக்டர அடக்கி வச்சிருக்கேன். விரல் போகலாம் மிஸ்டர் தேவதாஸ், கொள்கை போகக்கூடாது."

"கொள்கைக்கு இனிப்பு நீர் இல்லீங்களே ஐயா" என்று தேவதாஸ் சொன்னான். அது அவர் காதில் விழவில்லை. கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமைதான் இன்னொன்று தெரியவந்தது. குழுவுக்கு ஒரு விதி இருந்தது. மதத்தை முன்னிட்டு மறுத்தவர், அந்த மதத்தார் பேசும் மொழியில்தான் வாபஸ் வாங்க வேண்டும். இந்து என்றால் தமிழ். சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது.

"அவருக்குத் தமிழ் தெரியாதுங்களே!"

"இந்துன்னு எழுதியிருக்கே" என்றார் தியாகு.

"மலாய்ல கேளுங்க. நாட்டோட மொழியே அதுதானே?"

"மலாய்க்கு நாங்க ரொம்ப மரியாத குடுக்கிறோம். அதனாலதான் இந்த மாதிரிச் சில்லறை விசயத்துக்கெல்லாம் அதைப் பயன்படுத்துறதில்ல."

வேறு வழி? புதன்கிழமை சாயங்காலம் பார்வையாளர் நேரம் பூராவும் தேவதாஸ் மாமனாருக்கு ஒரே ஒரு தமிழ் வார்த்தை சொல்லிக்கொடுத்தான். சம்மதம். மலாயில் 'சாமா' என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஒட்டவைத்தார் ஏகாம்பரம். சாமாதம், சமாதம், சம்மாதம், கடைசியில் சம்மதம். நாற்பது தடவை சொன்னார். பக்கத்துக் கட்டில் சீனக் கிழவருக்கே பாடமாகிவிட்டது.

வியாழக்கிழமை கூடிய குழுவில் மூன்று பேர். நடுவில் கருணாகரன். வலது பக்கம் ஆஸ்பத்திரி வக்கீல் ஜெயபாலன். இடது பக்கம் குறிப்பெழுதவும் மொழிபெயர்க்கவும் தியாகு. தேநீர் கொண்டுவந்த ஆளிடம் மூன்று பேரும் சீனி குறைவு, பால் அதிகம் என்று நல்ல மலாயில் சொல்லிவிட்டு, ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார்கள். சக்கர நாற்காலியில் அவர் குளித்து, விபூதி பூசி, சட்டைப் பொத்தான் கழுத்துவரைக்கும் போட்டு உட்கார்ந்திருந்தார். தேவதாஸ் சுவரோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

ஜெயபாலன் ஆங்கிலத்தில் கேட்டதைத் தியாகு எழுந்து நின்று தமிழில் முழங்கினார். "தங்களது சமய நம்பிக்கையின் பொருட்டுத் தாங்கள் தெரிவித்த மறுப்பை இக்குழு தொடர்ந்து மதித்து வர, தாங்கள் மனமுவந்து சம்மதிக்கிறீர்களா?"

அந்த நீளத்தில் ஏகாம்பரத்துக்குத் தெரிந்த சத்தம் ஒன்றே ஒன்று கடைசியில் வந்தது. அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி, மண்டபம் அதிர, "சம்மதம்!" என்றார்.

"ஐயோ மாமா!" என்று தேவதாஸ் கத்தினான்.

"சாட்சி குறுக்கிடக் கூடாது" என்றார் ஜெயபாலன்.

"அறுவையோ, ஊசியோ, மருந்தோ எதையும் தங்கள் மீது திணிக்கலாகாது என்பதற்குச் சம்மதமா?"

"சம்மதம்!"

"இதனால் விளையும் எதற்கும் ஆஸ்பத்திரி பொறுப்பல்ல என்பதற்கும் சம்மதமா?"

"சம்மதம்! சம்மதம்!" தமிழில் இவ்வளவு நன்றாக வருகிறதே என்று மருமகனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தேவதாஸின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. காலைக் காட்டி, "போத்தோங்! போத்தோங்!" என்று கத்தினார். வெட்டுங்கள், வெட்டுங்கள் என்று. மூன்று பேருக்கும் அது புரிந்தது. குறிப்பில் 'நோயாளி தம் தாய்மொழி அல்லாத மொழியில் சில சத்தங்கள் எழுப்பினார்' என்று ஏறியது.

ஜெயபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "முப்பது வருச வக்கீல் தொழில்ல இவ்வளவு தெளிவான நோயாளிய நான் பார்த்ததில்ல. இவர இந்த நாடே பின்பற்றணும்."

ஞாயிற்றுக்கிழமை கறுப்பு பாதத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. வாசலிலேயே வாடை அடித்தது. தேவதாஸுக்கு வேலையில் கை ஓடவில்லை. மார்க்கெட்டில் இறங்க வேண்டியவர்களை புக்கிட் காதில் வரைக்கும் கொண்டுபோய் இறக்கித் திட்டு வாங்கினான். வாய்விட்டு அழுதால் தேவலை போலிருந்தது. யாரைப் போய் அடிப்பது? எல்லாரும் மரியாதையாகவே பேசுகிறார்கள். கெட்டவன் ஒருத்தன் இருந்தாலாவது சட்டையைப் பிடித்திருப்பான்.

வீட்டுக்கு வந்தால் மீனாச்சி கோயிலிலிருந்து திரும்பியிருந்தாள், கண்ணெல்லாம் வீங்கி. மாரியம்மனிடம் மலாயிலேயே சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"அப்பா கால் தப்பினா வெள்ளியில கால் செஞ்சு போடுறேன்னு வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

தேவதாஸ் சட்டையைக் கழற்றப் போனவன் அப்படியே நின்றான். வெள்ளியில் எதற்கு? நிஜ விரலையே தருவதாக வேண்டிக்கொண்டிருந்தால்? மதத்தைச் சொல்லி மறுத்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்கள், மதத்தைச் சொல்லிக் கேட்டால் என்ன செய்வார்கள்?

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி திறந்ததும் கிராணி அறையில் நின்றான்.

"ஐயா, எங்க மாமாவுக்கு ஒரு வேண்டுதல் இருக்கு. வலது கால் பெருவிரல அம்மனுக்குக் காணிக்கையாத் தர்றதா நேர்ந்துக்கிட்டாரு. இன்னைக்குள்ள எடுத்தாகணும். இல்லேன்னா தெய்வ குத்தம்."

சொல்லும்போதே உள்ளுக்குள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். தியாகு பாரக்கட்டுகளைப் புரட்டினார். மறுப்புக்குத்தான் பாரம் இருந்தது, வேண்டுதலுக்கு இல்லை.

"எந்த மொழியில வேண்டிக்கிட்டாரு?"

"சுத்தத் தமிழ்ல."

ஜெயபாலன் கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். "யோசிக்கவே நேரமில்ல டாக்டர். கோயில் சாமிக்குச் சட்டத்துல ஆள் அந்தஸ்து உண்டு. ஏகாம்பரம் செத்தா அவர் கேஸ் போடமாட்டாரு. அம்மன் போடலாம். அம்மனோட சொத்த நாம பத்து நாளாப் பிடிச்சு வச்சிருக்கோம்!"

பத்து நாளாக நகராத ஆஸ்பத்திரி பத்தே நிமிடத்தில் நகர்ந்தது. ஏகாம்பரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டார்கள். மத்தியானத்துக்குள் விரலை எடுத்துவிட்டார்கள். விரலை மட்டும்.

"பாதம் பாதி கறுத்திருக்கே டாக்டர் ஐயா! அதையும் ஒரேயடியா எடுத்திருக்கலாமே!"

கருணாகரன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வேண்டுதல் பெருவிரலுக்குத்தான். அதுக்கு மேல ஒரு அங்குலம் நான் வெட்டினாலும் அம்மன் கேக்காதத குடுத்த மாதிரி ஆகும். மிச்சம் சாதாரண வைத்தியம். புதுத் தாள் எழுதிட்டேன். நாளைக்குக் காலையில பாதத்துல பாதி. அதுக்கப்புறம் தாமதிச்சா முழங்காலுக்கு மேலதான். நல்ல வேளை, இந்த வேண்டுதலால பழைய மறுப்பு ரத்தாயிடுச்சு."

விரலை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, முத்திரை வைத்து, கோயிலில் சேர்த்ததற்கு ரசீது வேண்டுமென்று தேவதாஸ் கையில் கொடுத்தார்கள். அதை அவன் எங்கே கொண்டுபோவான்? கோயில் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. கம்பத்துக்குப் பின்னால் மண்ணைத் தோண்டிப் புதைத்து, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டான். ரசீதைத் தானே எழுதினான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது ஏகாம்பரம் தலையணையில் சாய்ந்திருந்தார். கறுத்து மெலிந்த முகத்திலும் ஒரு தெளிவு. கட்டிலின் மேலே பலகை இல்லை. பாதி பாதத்தோடு பெச்சா மிதிக்க முடியுமா என்று கேட்டார். பெடலில் ஒரு கட்டை வைத்துக் கட்டினால் முடியும் என்று தேவதாஸ் சொன்னான். அப்படிச் சொல்ல முடிந்ததே அவனுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அப்போது பொன்னம்மா மிஸி வந்தாள். கையில் கோப்பை. கட்டிலருகே வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"புதுத் தாள்ல முதல் வரி அண்ணே" என்றாள் மெதுவாக.

அவளுக்குப் பின்னால் தியாகு நின்றார். இடது கையில் ஒரு பாரம், வலது கையில் மைப்பெட்டி. முகத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. எதற்கும் தயாராக, பணிவாக நின்றார்.

"அவருக்கு விருப்பம் இல்லேன்னா தாராளமா மறுக்கலாம் தம்பி. நாங்க வற்புறுத்தவே மாட்டோம். வியாழக்கிழமை குழு இருக்கு."

தேவதாஸ் மாமனாரைப் பார்த்தான். மலாயில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தான். என்ன சொல்வது? குடியுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை வரைக்கும் அந்தக் காலை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? தியாகு மைப்பெட்டியைத் திறந்தார்.

ஏகாம்பரம் தேவதாஸையும் பார்த்தார், மைப்பெட்டியையும் பார்த்தார். கோப்பையை மோந்து பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"சம்மதம்" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். குமட்டியது. வாயைப் பொத்தி அடக்கி விழுங்கினார். கைலியின் நுனியால் உதட்டைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

தியாகு மைப்பெட்டியை மூடினார். தாளில் முதல் வரிக்கு நேரே 'மறுப்பு இல்லை' என்று எழுதினார். போகும்போது தேவதாஸின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"தமிழ் தெரியாது தெரியாதுன்னீங்களே தம்பி. எவ்வளவு நல்லாப் பேசுறாரு!"

மிஸி கோப்பையை எடுக்க வந்தாள். தேவதாஸ் கொடுக்கவில்லை. தானே குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினான். மறுபடி கழுவினான். வாடை போகவில்லை என்று மூன்றாவது தடவையும் கழுவினான்.